மேனுஷா, அந்த ரயிலுக்காகப் பேசு

மிச்சம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் மேனுஷாவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் முழங்கால் நோவைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மருமகன் அஷ்வினும் என் செல்லப் பேரன் ஆரணனும் நல்ல சுகமாயிருக்க அவரைத்தான் மன்றாடுகிறேன். நேற்று நீ போனில் சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை பிள்ளை. சாமான் ரயில் மட்டும் கூவிக்கொண்டு போகிற உங்கள் ஊர்த் தண்டவாளத்தில் மறுபடி ஆட்கள் போகிற ரயில் விட யோசிக்கிறார்களாம், மெத்தைக் கடையாய்ப் போன பழைய ஸ்டேசனில் திரும்ப டிக்கெட் விற்பார்களாம், அமெரிக்காவில் இப்படியொரு புதினம் நடக்கும் என்று யார் கண்டது! அடுத்த மாதம் கவுன்சில் கூட்டத்தில் ஊர்ச்சனம் எழும்பிப் பேசலாம், அதற்குப் பிறகுதான் ஸ்டேசன் வேணுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு என்றாய். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில், “நான் பேசப் போகேல்லை அம்மா, வந்து குடியேறின நாங்கள் ஏன் வாயைக் குடுப்பான்” என்றாயே, அதில்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. போனில் சொன்னால் இடையில் பறித்துக் கதைப்பாய், அதுதான் எழுதுகிறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பக்கத்து வீட்டுச் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை மினிகேப் டாக்ஸி ஓட்டியே காலத்தைக் கழித்த மனிசன் அல்லவா, அவரிடம் வேலிக்கு மேலால் இந்தப் புதினத்தைச் சொன்னேன். “தங்கச்சி, அங்கத்தைச் சனம் பால் வாங்கப் போறதெண்டாலும் காரிலதான் போகும், அதுகள் ரயிலில ஏறுமோ, விசர்க் கதை” என்று சிரித்தார். விட்டேனா! இங்கே எங்கள் ட்ராம் ஓடுகிற பாதை முந்தி என்ன என்று கேட்டேன். பழைய ரயில் பாதைதானே, ரயிலை நிறுத்திப்போட்டு அதிலேதானே ட்ராம் விட்டார்கள், இப்போது காலையில் ஏறினால் கால் வைக்க இடமில்லை. “நீங்களும் காரை வித்துப்போட்டு அதிலதானே அண்ணை குறொய்டன் போறியள்” என்றதும் மனிசன் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடிக்கடி வந்தால், சொன்ன நேரத்துக்கு வந்தால் சனம் ஏறும் பிள்ளை. ஒரு நாளைக்கு ஒரேயொரு ரயிலை விட்டுப்போட்டு ஒருவரும் ஏறவில்லை என்று பிறகு கையை விரிப்பார்கள், அதற்கு இடம் கொடுக்காதே. ஸ்டேசனில் இறங்கினால் வீட்டுக்குப் போக பஸ் இருக்குமா, நடக்க நடைபாதை இருக்குமா என்றும் கேள்.

நான் அங்கே வந்து நின்றபோது உன் வீட்டில் எனக்கு என்ன குறை? ஆனால் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் நான் கதவுக்குள். அன்றைக்குக் கடைக்குப் போவோம் என்று சேலையோடு சந்தியில் நின்று, இங்கே லண்டனில் நிற்கிற நினைப்பில் மஞ்சள் பஸ்ஸுக்குக் கையை நீட்டி மறித்தேனே, அது பள்ளிக்கூட பஸ் என்று எனக்கு என்ன தெரியும்? சாரதிப் பெண் பாவம், வழி தவறின கிழவி என்று நினைத்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை அமத்திக்கொண்டு புதினம் பார்த்தார்கள். உனக்கு அது பெரிய வெட்கமாய்ப் போயிற்று. “எங்க போறதெண்டாலும் கேட்டால் நான் கொண்டுபோய் விடமாட்டனோ” என்று அழுதாய். ஓம் பிள்ளை, விடுவாய். ஆனால் ஒரு பிடி கீரை வாங்க மகளுடைய லீவு நாளைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன சீவியம்? அதனால்தான் நேரத்தோடு லண்டனுக்குத் திரும்பினேன், உன்னோடும் மருமகனோடும் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இதை நீ நம்பவேணும். கூட்டத்தில் இந்தக் கதையைத்தான் சொல்லு. கணக்கும் படமும் காட்ட அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களுக்கும் வீட்டில் தாய்மார் இருக்கிறார்கள்.

“இப்ப ஓமெண்டாலும் ரயில் வரப் பத்து வருசம் செல்லும் மாமி” என்று நேற்றுப் போனில் மருமகனும் சொன்னார். செல்லும்தான். அதில் ஏற எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஜன்னல் பக்கம் இருந்து உங்கள் ஊரைப் பார்க்க எவ்வளவு ஆசை! கொடுத்து வைத்திருந்தால் ஏறுவேன். ஆனால் எனக்காக நீ பேச வேண்டாம். இன்றைக்கு ஆரணனைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு நீ ஓடித் திரிகிறாய். ஒருநாள் அவன் வளர்ந்து வந்து, “அம்மா, உங்களுக்குக் கண் பார்வை மட்டு, இனிக் கார்ச் சாவியைத் தாங்கோ” என்பான். அவன் கேட்கத்தான் வேணும், நீ கொடுக்கத்தான் வேணும். அன்றைக்கு நீ என்னைப் போலக் கதவுக்குள் இருந்து மகனுடைய லீவு நாளைப் பார்க்கக்கூடாது. நினைத்த நேரம் செருப்பைக் கொழுவிக்கொண்டு, ஒருத்தரையும் கேளாமல் வெளிக்கிட்டுப் போகவேணும். அந்த ரயில் உனக்கு, பிள்ளை. உனக்காக எழும்பிப் பேசு.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, பல்லாண்டு நல்லாயிருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஆரணனுக்கு என் கொஞ்சல்கள். ஒன்றை மறந்துபோகாதே, கூட்டம் நடக்கிற இடத்துக்கு வரவும் காரை விட்டால் உனக்கு வேறு வழியில்லை, அதையும் அவர்களுக்குச் சொல்லிப்போட்டுப் போய் உன் இடத்தில் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகாம்பிகை