வலென்சியாவுக்குப் பத்துக் குறிப்புகள்

3.8.1984, வலங்கைமான்

வீரையன் வந்தான். ஸ்பெயினில் வலென்சியா என்ற கடற்கரை நகரில் நெல் ஆராய்ச்சிக் கூட்டமாம், அடுத்த மாதம் போகிறானாம். பத்து வருஷத்துக்கு முன் விவசாய இலாகா அதே ஊருக்கு என்னை அனுப்பியது. அதற்குப் பிறகு எங்கும் அனுப்பவில்லை.

"போற வர்ற விவரமெல்லாம் எழுதிக் குடுங்க சார். அங்க எத்தனை மணிக்குச் சோறு போடுவாங்கன்னுகூடத் தெரியாது."

இவன் அப்பா எங்கள் குத்தகைக்காரர். கோர்ட்டுக்குப் போய் ஆறு ஏக்கருக்கும் குத்தகை உரிமை வாங்கினார். அதற்குப் பிறகு என் அப்பா சாகும்வரை அந்த வரப்பில் கால் வைக்கவில்லை.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

6.8.1984

எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஞாபகம் வருகிறது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. இரவு ஒன்பதுக்கு முன் ஓட்டலில் ஒன்றும் கிடைக்காது, பிஸ்கட் வைத்துக்கொள். இரண்டு முதல் ஐந்து வரை கடையடைப்பு. துறைமுகம் போகும் பஸ்ஸில் பையை மார்போடு பிடி. சோறு அகலச் சட்டியில் வரும், நறுக்கரிசியாக இருக்கும். திருப்பி அனுப்பாதே, அவர்களுக்கு அதுதான் பதம். முயல் கறியும் நத்தையும் கிடக்கும், கேட்டுக்கொண்டு சாப்பிடு. சாயங்காலம் ஏரியில் படகில் போ. சுற்றிலும் அறுவடை வயல். நம் வயல்தான் என்று தோன்றும்.

கடைசி வரியை அடித்தேன். யாருடைய வயல்?

7.8.1984

பத்துக் குறிப்புகள் ஆயிற்று. பதினோராவதை எழுதவில்லை.

கடல் தாண்டிப் போகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் விதை நெல் ஒரு பிடி முடிந்து கொடுப்பார்கள், ஆள் பத்திரமாக ஊர் திரும்புவான் என்று. அம்மா எனக்கும் கொடுத்தாள். அங்கே விமான நிலையத்தில் அதைப் பிடித்துவிட்டார்கள். விதை உள்ளே வரக் கூடாதாம். திருடனைப் போல மூன்று மணி நேரம் நின்றேன்.

அவனும் நிற்கட்டும்.

29.8.1984

வீரையனின் அம்மா அம்சம் வந்தாள்.

"சின்னய்யா, கிழக்கு வயலு நெல்லுங்க. மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். பய சிரிக்கிறான். நீங்களும் எடுத்துக்கிட்டுதானே போனீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க, கேப்பான்."

கிழக்கு வயல். எங்கள் கிழக்கு வயல்.

"நான் சொன்னேன்னு சொல்லி குடுத்தனுப்பு அம்சம்."

அவள் போனதும் நீலாம்பாள் அடுக்களையிலிருந்து வந்தாள். "திரும்பி வந்து மூணு நாள் என்கிட்டகூட பேசலியே நீங்க. மறந்துபோச்சா?"

பெண்டாட்டிக்கு எல்லாம் ஞாபகம் இருந்து தொலைக்கிறது.

2.9.1984

வீரையன் இன்று கிளம்புகிறான். "அவன் பஸ் ஒன்பதே காலுக்குத்தான். இப்பப் போனாலும் புடிச்சிடலாம்" என்றாள் நீலாம்பாள். சட்டையை மாட்டினேன். பட்டனும் போட்டேன். பிறகு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

10.9.1984

ஒன்றுமில்லை. தூக்கமும் இல்லை.

20.9.1984

வீரையன் வந்தான். இளைத்திருக்கிறான்.

"நெல்லைப் புடிச்சிட்டாங்க சார். அஞ்சு மணி நேரம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள என் கட்டுரை நேரம் முடிஞ்சிடுச்சு. ரெண்டு வருஷத்து வேலை, படிக்கவே இல்ல." பிறகு அவனே சொன்னான்: "உங்க காலத்துல இந்தக் கெடுபிடி இருந்திருக்காது. மத்ததெல்லாம் நீங்க எழுதினபடியே இருந்துச்சு சார். பிஸ்கட்தான் காப்பாத்துச்சு."

என் காலத்திலும் கெடுபிடி இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். காப்பி வந்தது. குடித்தேன்.

இனிப் போகிறவர்களுக்காக என் குறிப்புகளை ஆபீசில் தட்டச்சு செய்திருக்கிறான். மேலே 'திரு. இராஜாங்கம் அவர்களின் அனுபவக் குறிப்புகள்'. நான் அடித்த வரியும் இருந்தது. "அடிச்சிருந்தீங்க. ஆனா நெசம் சார், அப்படியேதான் தோணுச்சு."

அவன் போன பிறகுதான் கடைசிவரை படித்தேன். பதினோரு குறிப்புகள். பதினோராவது: விதை நெல் கொண்டுபோக வேண்டாம்.

அதையும் என் பெயரில்தான் போட்டிருக்கிறான்.