உன் கன்னத்திலிருந்து எடுத்தது

இன்று காலை உக்குவளையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், எதிரே இருந்த பெண் மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுவில் ஒரு கராம்பு. அவள் காம்பைக் கிள்ளி மடித்து வாயில் வைத்ததும் அந்த வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மூடுபனி கலையவில்லை. பாதித் தூக்கத்தில், எதிரே இருப்பது நீதான் என்று நம்பிக்கொண்டே கண்டி வரை போனேன். திரும்பிப் பார்த்தால் வேறு யாரோவாக இருப்பாள் என்று தெரியும். அதனால் திரும்பவில்லை.

ஆய்வுகூடத்தில் என் முதல் வேலை உன்னைப் பார்ப்பது. வெளியே யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை, எனக்குள் சொல்லிக்கொள்வேன். உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தால், சப்பையான பிளாஸ்டிக் குப்பிகளில் இளஞ்சிவப்பு நீர் ததும்பும். அதுதான் உள்ளே வளரும் செல்களுக்குச் சாப்பாடு. குப்பியின் மேல் உன் பெயர் எழுத விதி இடம் தராது, ஓர் எண் மட்டும் இருக்கிறது. நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தால் அடியில் ஒட்டி வளர்ந்திருக்கும் செல்கள், எதிர் மலையில் நின்று பார்க்கும் தேயிலைச் செடிகள்போல நெருங்கி நெருங்கித் தெரியும். நாம் இருவரும் பிறந்த இரத்தோட்டை மலை அப்படித்தான் தெரியும், ஞாபகமிருக்கிறதா?

தோட்டத்து வீட்டு வரிசையில், ஒரே லயத்தில் பிறந்தோம். நான் படிக்கப் போனேன். நீ தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவானாய். விடிந்தும் விடியாமல், பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் முன் தாய்மார் பிள்ளைகளை உன்னிடம் விட்டுப்போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒன்றைத் தள்ளினால் அடுத்ததும் அசையும். நீ நடுவில் நின்று இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருப்பாய். லீவில் வரும்போதெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்திருப்பேன். அந்த அறையில் எனக்குத் தூக்கம் வராத நாளே கிடையாது. பிள்ளைகளைவிட என்னைத் தூங்கவைப்பது சுலபம் என்று கேலி செய்வாய்.

பிள்ளையைக் கையில் தரும்போது ஒவ்வொரு தாயும் ஒரு வாய் வெற்றிலையும் மடித்துத் தருவாள். அது அந்தத் தோட்டத்து வழக்கம். ஒருத்தியிடம் வாங்கி இன்னொருத்தியிடம் மறுக்க முடியாது. எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு, பொழுது சாயும்வரை இடது கன்னத்தில் ஒவ்வொன்றாக அடக்கிக்கொள்வாய். மறுத்தால் என்ன என்று கேட்டேன்.

"வாங்கலன்னா அவ புள்ளைய நான் மனசோட வாங்கலன்னு நெனைச்சுக்குவாடி. நாளெல்லாம் அந்த நெனப்போடயா கொழுந்து எடுப்பா?"

ஒரு முறை சுகாதாரக் கூட்டத்தில் புகையிலை கெடுதி என்று கேட்டுவிட்டு வந்து, அன்றே வெற்றிலையோடு அதைச் சேர்ப்பதை விட்டாய். உன் பிடிவாதம் ஊரறிந்தது, திரும்ப அதைத் தொடவே இல்லை. வெற்றிலையும் பாக்கும் மட்டும் அப்படியே இருந்தன. புகையிலை இல்லாவிட்டால் அது வெறும் கீரைதானே என்றாய். பாக்குத்தான் கன்னத்துச் சதையை நார்போல இறுக்குகிறது, புகையிலை இல்லாமலே அது கேடு செய்யும் என்று சொன்னேன். சிரித்தாய். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் உன்னைப்போலத்தான் நினைத்திருந்தார்கள். புகையிலையை விட்டதோடு ஆபத்து போய்விட்டது என்று நிம்மதியாக இன்னும் ரெண்டு பாக்கு சேர்த்து மென்றார்கள்.

பிறகு உனக்கு உறைப்புச் சாப்பாடு எரிந்தது. மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நிமிர்த்தி வை என்றேன், வாய் அவ்வளவு திறக்கவில்லை. "பேச்சு கொறையும், ஒனக்கு நிம்மதிதானே" என்று விரலை எடுத்தாய். கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு, அதன் ஓரத்தில் ஆறாத புண். அடுத்த பஸ்ஸிலேயே உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அது என்ன நோய் என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நம் செல்களுக்கு நில் என்று சொல்ல ஒரு தடை உண்டு, சாகிற நேரம் வந்தால் சாகவும் தெரியும், இது புற்றுநோயானால் அதன் செல்கள் இரண்டையும் மறந்துவிட்டன என்று சொன்னேன்.

"சாகுறத மறக்குறது நல்ல மறதிதானேடி. அத ஒடம்பு பூராவும் குடுத்தா என்னா?"

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்க இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் அடிவயிற்றில் கிடக்கிறது.

ஒபரேஷனில் வெட்டி எடுப்பதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவாயா என்று டொக்டர்தான் உன்னிடம் கேட்டார். உன் சிநேகிதியான நான் கேட்பது முறையில்லை. என்னிடம் பேசிவிட்டுச் சொல்வதாக நீ அவரை அனுப்பிவிட்டாயாம். வார்ட்டு விறாந்தையில் நீ உட்கார்ந்திருந்தாய். அதை வளர்ப்பீர்களாமே என்றாய். ஆமாம் என்றேன். நீ செத்தாலும் அது இருக்குமா என்று கேட்டாய். பிழைத்துக்கொண்டால் இருக்கும் என்றேன்.

"என்னத் தின்னதுக்கு நீ சாப்பாடு வைப்பியா?"

எங்களிடம் அதுவரை இருந்த செல்களெல்லாம் வெளிநாட்டு வாய்களிலிருந்து வந்தவை, பாக்கென்றால் என்னவென்றே தெரியாத வாய்கள். நம் மலையில் வரும் நோய்க்கு எந்த மருந்து கேட்கும் என்று அவற்றிடம் விசாரித்து என்ன பயன்? உன்னுடையது எனக்கு வேண்டும் என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். வேண்டாம் என்று சொல்லிவிடேன் என்று இன்னொருத்தி கெஞ்சினாள். இரண்டையும் வெளியே சொல்லாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ கீழே முற்றத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாய். யாரோ ஒரு பிள்ளை அழுதது. உன் கால் தானாக ஆடத் தொடங்கியது, தொட்டிலை ஆட்டுவதுபோல.

மறுநாள் காலை டொக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டாய். என்னிடம் காரணமும் சொன்னாய்.

"சண்டக்காரி புள்ளைக்கும் நான் பால் ஆத்திக் குடுத்திருக்கேன். வச்சுக்க. ஆனா செல்லம் குடுக்காத. என்னைக்காவது அத அடிச்சுப்புடு."

அப்படி எடுப்பவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் பட்டுப்போகும். உன்னுடையது ஒட்டிக்கொண்டது, பெருகியது. தொடைத் தோலை ஒட்டுப்போட்ட கன்னத்தோடு படுத்திருந்த உன்னிடம் அதைச் சொல்ல வந்தேன். சந்தோஷச் செய்தியா துக்கச் செய்தியா என்று எனக்கே விளங்கவில்லை. என்னோடதாச்சே, பொல்லாததாத்தான் இருக்கும் என்று நீ மெதுவாகச் சொன்னாய்.

வீடு திரும்பி, கொஞ்ச காலம் தொட்டில் ஆட்டினாய். அதற்குள் நோய் கழுத்துக்கு வந்துவிட்டது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டி மலை மொட்டையாகக் கிடந்த நாட்களில் போய்ச் சேர்ந்தாய். உன் இழவு வீட்டிலும் தட்டு நிறைய வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை என்று எழுத ஆசைதான். தொட்டார்கள். மத்தியானத்துக்குள் தட்டு காலியானது. கத்த வேண்டும்போல இருந்தது, கத்தவில்லை. அதுதான் அங்கே ஆறுதல் சொல்லும் பாஷை, வேறு பாஷையை அவர்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்?

அதன்பிறகு எனக்கு ஒரே கனவுதான். பிள்ளைக்காம்பராவில் தொட்டில்கள் ஆடுகின்றன. எட்டிப் பார்த்தால் உள்ளே குப்பிகள், ரோஜா நிறத்தில் வெளிச்சம். நீ இரண்டு கையாலும் ஆட்டுகிறாய், முகம் மட்டும் பனியில் தெரியவில்லை. விழித்ததும் அவசரமாகக் கிளம்பி ஆய்வுகூடத்துக்கு ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமையும் போவேன். குப்பியைக் கையில் எடுக்கும்போது உள்ளங்கையில் உன் சூடு பட்டதாகத் தோன்றும். நீர் மாற்றும்போது உன்னிடம் வாய்விட்டுப் பேசியும் இருக்கிறேன்.

போன வாரம் உன் செல்களுக்கு ஒரு மருந்து கேட்டது. சோதனைத் தட்டில் மருந்து விடாத குழிகளில் செல்கள் நெருங்கிக் கிடந்தன. மருந்து விட்டவற்றில் தரையை விட்டுப் பிரிந்து, உருண்டு, செத்து மிதந்தன. திரும்பவும் செய்து பார்த்தோம், அதேதான். தட்டிலிருந்து ஒரு மனிதரின் வாய்க்கு அது வந்து சேர வருடங்கள் ஆகும், வழியிலேயே நின்றுபோகும் மருந்துகள்தான் அதிகம். ஆனாலும் எல்லாரும் மகிழ்ந்தார்கள். நானும் அவர்களோடு நின்று தேநீர் குடித்தேன். பிறகு கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னில் மிஞ்சியிருந்ததையும் நானே கொன்றுவிட்டதாகத் தோன்றியது.

இன்று வேலைக்குப் போய் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. குப்பியில் இருப்பதற்குக் கேலி தெரியாது. ஒரு பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கத் தெரியாது. ஒரு தாயின் மனம் நோகுமே என்று யோசிக்கவும் தெரியாது. தின்னத் தெரியும், பெருகத் தெரியும். உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று இத்தனை காலம் நான் பார்த்துவந்தது உன்னைத் தின்றதை. உனக்கு அது விறாந்தையிலேயே விளங்கியிருந்தது. படித்த எனக்கு இன்றுதான் விளங்கியது. உடம்பெல்லாம் கோபம் ஏறியது. நீ செத்த அன்றைக்கு வந்திருக்க வேண்டிய கோபம்.

அந்தக் கோபத்தைத்தான் இனி உன் ஞாபகமாக வைத்திருக்கப் போகிறேன். உறைகுளிரில் இன்னும் எத்தனையோ குழாய்களில் அந்தச் செல்கள் தூங்குகின்றன. நாளைக்கு ஒன்றை எழுப்பி, வயிறு நிறையச் சாப்பாடு வைத்து வளர்ப்பேன். பிறகு மருந்தை விடுவேன். நீ சொன்னதுபோல அதை அடிப்பேன்.