பெருந்தொப்பியும் பாதிக்காரியும்

பெல்மான்ட்,
12 ஜனவரி 2019

கூவாவில் கரும்புக்காட்டுக் கொசுக்களின் ராஜ்யத்தில் வசிக்கும் என் தங்கை மகள் ஜெனீலுக்கு,

டிரினிடாட் தீவு முழுவதும் கண்டு நடுங்கும் உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம். போன வாரம் ஒரு காய்ச்சல் என்னைப் பிடிக்க வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு மானோவிடம் போய்விட்டது.

உன் அம்மா மானோவின் போனுக்குக் கூப்பிட்டாளாம். அவன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்: "யூஸ்டஸ் அண்ணே! ஜெனீல் பொண்ணு கார்னிவலுக்குக் கொள்ளைக்காரன் வேஷம் கட்டப் போகுதாம். உங்க பெருந்தொப்பியக் கேக்குது!" கேட்டவுடன் என் கையிலிருந்த மாபிப் பட்டைச் சாற்றுக் குவளை தானாக வெடித்தது. போனில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல் பஞ்சம் வந்தவர்களுக்குத்தான் போன். நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை ஜெயித்து வெளியே வந்தவன், ஆகவே எழுதுகிறேன்.

முடியாது.

அது என் தாத்தா தைத்த தொப்பி. உச்சியில் சவப்பெட்டி, விளிம்பெல்லாம் குஞ்சம். ஒரு வருஷம் மழை வந்தபோது அதன் விளிம்புக்குக் கீழே ஒரு கிரிக்கெட் அணி, நடுவரோடு சேர்த்து, ஒதுங்கி நின்றது. இதைப் போட்டுக்கொள்கிற கார்னிவல் கொள்ளைக்காரன் முச்சந்தியில் விசில் ஊதி, வாய்ப் பெருமையாலேயே ஜனங்களை மிரட்டிக் காசு பிடுங்க வேண்டும்; முதலில் தன் வம்சத்தைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டும். நான் கினியா ராஜாக்களின் நேர் வாரிசு என்று சொல்கிறேன். நீ என்ன சொல்வாய்? அப்பா ராம்கெலவன், அம்மா லெசாமா. டக்லா! பாதி இந்தியன், பாதி ஆப்பிரிக்கன், முழுசாக ஒன்றும் இல்லை. நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வீட்டாரும் நின்று, "இது உங்க பக்கத்துப் புள்ள", "இல்ல, உங்க பக்கம்தான்" என்று தள்ளிவிட்டுக்கொண்டார்கள். மருத்துவச்சி உன்னை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் பொழுது சாயும்வரை தூக்கிக்கொண்டு அலைந்தாள். நானே பார்த்தேன்.

அடுத்து உன் தலைமுடி. அதற்குள் போன சீப்பு எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. போன நவம்பரில் அதற்காகத்தானே பள்ளிக்கூடத்தில் பட்டமளிப்பு மேடை ஏற விடவில்லை? அப்படிப்பட்ட முடிமேல் தொப்பி எங்கே உட்காரும்?

உங்கள் தலைமுறையே இரண்டு கட்டைவிரல்களால் மட்டும் பேசும் தலைமுறை. தொட்டால் வலிக்கிறது, சொன்னால் வலிக்கிறது. பெண்பிள்ளை வேறு. போய் வேறு வேலை பார்.

இப்படிக்கு,
புயல்களுக்குப் பாட்டன், எரிமலைகளின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவன், முச்சந்திகளின் சக்கரவர்த்தி
யூஸ்டஸ் லெசாமா

---

கூவா,
20 ஜனவரி 2019

அன்புள்ள சக்கரவர்த்தி மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். அப்பா டபுள்ஸ் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். நான் பிறந்த அன்று நீங்கள் டொபேகோவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். மீனும் கிடைக்கவில்லையாம்.

மேடை விஷயம் நீங்கள் சொல்கிற மாதிரி வேடிக்கையாக நடக்கவில்லை. தலைமையாசிரியை சொன்னது இது:

"இந்த முடியோட மேடை ஏறக் கூடாது. கட்டு, இல்லாட்டி வெட்டு."

"மிஸ், இது வளர்றதே இப்படித்தான்."

"அப்ப வேற மாதிரி வளரச் சொல்லு."

என் பெயரை ஒலிபெருக்கியில் படித்தபோது நான் வெளியே வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டலும் கேட்டது. யாருக்குத் தட்டினார்களோ.

தேர்தல் வந்தால் இந்தியர் கட்சிக்காரரும் ஆப்பிரிக்கர் கட்சிக்காரரும் வீட்டுக்கு வந்து "நம்ம பொண்ணு" என்கிறார்கள். ஓட்டு முடிந்த மறுநாள் ரெண்டு பக்கமும் "அந்த டக்லாப் பொண்ணு" என்கிறார்கள். வாடகைக் காரில் ஏறுவதற்குமுன் நானும் என் தோழிகளும் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறோம். வீடு வந்து சேராவிட்டால் தேடுவதற்கு. நீங்கள் கேலி செய்கிற அந்தக் கட்டைவிரலால்தான் அனுப்புகிறோம். எங்களுக்கு உண்மையான கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள் மாமா. அட்டைச் சவப்பெட்டியைத் தலையில் வைத்த ஆளைக் கண்டு இங்கே யாரும் பயப்படுவதில்லை. போன வருஷம் நீங்கள் பேசியபோது முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் உங்களுக்கு முன்னாலேயே அடுத்த வரியைச் சொல்லிவிட்டார்கள். அத்தனை வருஷமாக அதே பேச்சு.

இந்த நாட்டில் ஒருத்தி தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் "உக்காரு" என்று சொல்லாத இடம் கார்னிவல் முச்சந்தி ஒன்றுதான். அங்கே நின்று ஒரு தடவை என்னைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கேட்டேன். இனிமேல் கேட்கவில்லை.

இரண்டு கொள்ளைக்காரர்கள் எதிரெதிரே வந்தால் பேச்சில் தடுமாறியவர் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது உங்கள் சட்டம். கார்னிவல் திங்கட்கிழமை, பெல்மான்ட் முச்சந்தி. நான் ஜெயித்தால் தொப்பி. நீங்கள் ஜெயித்தால், மானோ அங்கேயே நடுரோட்டில் என் முடியை ஒட்ட வெட்டட்டும்.

ஜெனீல் ராம்கெலவன்

---

பெல்மான்ட்,
29 ஜனவரி 2019

சொந்த முடியைச் சூதில் வைத்த அசட்டு மருமகளே,

மானோ கத்தரிக்கோலைத் தீட்ட ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, இந்த முடிக்குப் புல்வெட்டி மிஷின்தான் தாங்கும்" என்கிறான். தீயணைப்புத் துறையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

டொபேகோ பற்றி உன் அம்மா சொன்னது பொய். அன்று நான் பிடித்த மீன் அத்தனை பெரிதாக இருந்ததால் படகில் ஏற்றாமல் படகை அதன்மேல் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் தாமதம்.

பிள்ளைகள் என் பேச்சை ஒப்பிக்கிறார்கள் என்றால் அது வேதம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இது உங்களுக்குப் புரியாது. உங்கள் பேச்சை நீங்களே மறுநாள் அழித்துவிடுகிறீர்கள்.

உன் நிலைமையை யோசித்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. உன் அப்பா வீட்டுக் கல்யாணத்தில் உனக்குக் கடைசிப் பந்தியில் கிழிந்த சோஹாரி இலை. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸில் உனக்குக் கறுப்புக் கேக்கின் தீய்ந்த ஓரம். முச்சந்தியில் வந்து எதைப் பெருமையாகச் சொல்லப் போகிறாய்? தீய்ந்த ஓரத்தையா?

சவாலை ஏற்றேன். வரும்போது கழுத்துக்கு ஒரு துண்டு கொண்டுவா, வெட்டிய முடி அரிக்கும்.

இப்படிக்கு,
கடலுக்கு உப்புப் போட்டவன், இடிக்குக் குரல் கற்றுக்கொடுத்தவன்
யூஸ்டஸ் லெசாமா

---

கூவா,
8 பிப்ரவரி 2019

மாமாவுக்கு,

இவ்வளவுதானா? மூன்று திட்டுத்தான் தேறுகிறது. வயசாகிவிட்டது போலிருக்கிறது. அம்மாகூட இதைவிட நன்றாகத் திட்டுவாள், அதுவும் சமைத்துக்கொண்டே.

ஜெனீல்

---

பெல்மான்ட்,
19 பிப்ரவரி 2019

நன்றி கெட்டவளே,

தேறவில்லையா? பிடி. உன்னைத் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஒடிந்துபோகும். கண்ணாடி உன்னைப் பார்த்து, "மொதல்ல நீ யாருன்னு முடிவு பண்ணிட்டு வா" என்று திரும்பிக்கொள்ளும். நீ செத்தால் சுடுகாட்டுக்காரனும் கல்லறைக்காரனும் அடித்துக்கொள்வார்கள், பிணம் எழுந்து வீட்டுக்கு நடந்து வந்துவிடும்.

இதை இருபது நிமிஷத்தில் எழுதினேன், ஒரு கையில் பேக் ரொட்டி இருந்தது. வயசாகிவிட்டதாம்!

இப்படிக்கு,
சூரியனுக்குத் தீக்குச்சி கொடுத்தவன்
யூஸ்டஸ் லெசாமா

---

பெல்மான்ட்,
7 மார்ச் 2019

ஜெனீலுக்கு,

திங்கட்கிழமை நடந்ததைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். எல்லாம் பொய். உண்மையை நான் எழுதி வைப்பது என் கடமை.

முச்சந்தியில் இருபதாயிரம் பேர். கூரைகளில் ஆள், மரங்களில் ஆள், காகங்களுக்கு உட்கார இடமில்லை. நான் விசில் ஊதினேன், பூமி இரண்டு அங்குலம் விலகியது. "எங்க ஆத்தா என்னப் பெத்த அன்னைக்குச் சூரியன் வேலைக்கு வரல!" என்று ஆரம்பித்தேன். முன்னால் இருந்த பொடிசுகள், "நிலா ராஜினாமா பண்ணிருச்சு!" என்று என் அடுத்த வரியைப் பிடுங்கிக்கொண்டன. அது அவர்களுக்கு என்மேல் இருக்கும் பக்தி.

அப்போது நீ வந்தாய். தலையில் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த தொப்பி. இவ்வளவு கேவலமான தொப்பியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. குஞ்சத்துக்குப் பதில் பழைய சீப்புகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தாய். விசில் ஊதினாய், அதுவும் மோசமான விசில். பிறகு தாய்மாமன் என்றும் பாராமல் வாயைத் திறந்தாய்:

"நில்லுடா கெழட்டுக் கொள்ளக்காரா! நான் பொறந்த அன்னைக்கு ரெண்டு ராஜ்யம் ஆஸ்பத்திரி வாசல்ல சண்ட போட்டுச்சு. என்னத் தாங்க ஒரு வீட்டுக்கு பலம் பத்தல! மருத்துவச்சி பொழுது சாயிற வரைக்கும் தூக்கிட்டு அலைஞ்சா, எறக்கி வைக்கிற அளவுக்குப் பெரிய தொட்டில் இந்தத் தீவுலயே இல்ல!"

எனக்கு எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது.

"என் முடிக்குள்ள போன சீப்பு ஒண்ணும் வெளிய வந்ததில்ல. ஒரு தலைமையாசிரியை வெட்டச் சொன்னா. இன்னும் உள்ளதான் இருக்கா, வழி தேடிக்கிட்டு! நான் ரெண்டு பந்தியில சாப்புட்டவ. கிழிஞ்ச எலையில சமுத்திரத்தத் தின்னேன், தீஞ்ச ஓரத்துல எரிமலையத் தின்னேன்! என்ன நிறுக்க வந்த தராசு ஒடிஞ்சிருச்சு. சுடுகாடும் கல்லறையும் என்னக் கண்டு கதவச் சாத்திருச்சு. அதனால எனக்குச் சாவே கெடையாது! ராத்திரி வாடகைக் கார்ல என் பக்கம் கைய நீட்டுறவனே, கேட்டுக்கோ. என் ஒரு கட்டவெரல் அசைஞ்சா உன் வண்டி நம்பர் ஆயிரம் பொண்ணுங்க கையில! பாதின்னு சொன்னவன் எவன்டா? பாதி இல்லடா, ரெண்டு மடங்கு! இப்பச் சொல்லு. என்னவிடக் கேவலமா என்னத் திட்டத் தெரிஞ்சா, சொல்லு!"

ஜனங்கள் காசை எறிந்தார்கள். கட்டைவிரல் வரி வந்தபோது பெண்பிள்ளைகள் கூட்டமாக அலறியது கடற்கரைவரை கேட்டிருக்கும். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்த நல்ல திட்டு எல்லாவற்றையும் முன்பே தபாலில் அனுப்பிவிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஈயும் தொண்டைக்குள் போனது. பெரிய ஈ, ஒரு கோழி அளவுக்கு. அதனால்தான் மௌனம்.

தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தேன். வெயில் அதிகமாக இருந்ததால்.

நீ அதைக் கையில் எடுத்தாய், ஒரு பார்வை பார்த்தாய், திரும்பி என் காலடியிலேயே வைத்துவிட்டு நடந்து போனாய். மானோ கத்தரிக்கோலோடு நின்றுகொண்டு, "அண்ணே, இப்ப நான் எதை வெட்டுறது?" என்று கேட்டான்.

ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அந்தப் பேச்சில் பாதி என்னுடையது. ஆகவே ஜெயித்ததில் பாதி நான். இதை உன் தோழிகளிடம் சொல்லிவிடு. தொப்பியை ஏன் எடுக்கவில்லை என்பதையும் எழுது. யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
முச்சந்திகளின் சக்கரவர்த்தி (ஈ காரணமாக விடுப்பில்)
யூஸ்டஸ் லெசாமா

---

கூவா,
16 மார்ச் 2019

மாமாவுக்கு,

இருபதாயிரம் பேர் இல்லை. நாற்பது பேர், ஒரு ஐஸ் வண்டிக்காரர். ஈயும் இல்லை.

பேச்சில் பாதி நீங்களா? பாதி நீங்கள், பாதி நான் என்றால் அந்தப் பேச்சு டக்லா. வாழ்த்துகள் மாமா. கினியா ராஜாக்களின் நேர் வாரிசுக்குக் கடைசியில் ஒரு டக்லாப் பிள்ளை பிறந்திருக்கிறது. வாசலில் நான்தான் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். யார் கையில் கொடுக்கட்டும்? "இது உங்க பக்கம்" என்று நான் சொல்லலாமா, நீங்கள் சொல்கிறீர்களா?

தொப்பியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கையில் எடுத்ததும் தெரிந்தது. கிரிக்கெட் அணி ஒதுங்கிய தொப்பி என்றீர்களே, அது என் தலைக்குச் சின்னது. அதற்காக முடியை அமுக்கிக்கொள்ள மாட்டேன். ஏற்கனவே ஒரு மேடைக்கு அப்படிச் செய்ய மறுத்தவள்.

உங்களிடமே இருக்கட்டும். அடுத்த கார்னிவலுக்கும் பிரிட்ஜ் பெட்டிகள் கிடைக்கும்.

ஜெனீல்

---

பெல்மான்ட்,
3 ஏப்ரல் 2019

ஜெனீல்,

தொப்பியின் உள்வளையத்தை நேற்று நானும் மானோவும் பிரித்தோம். தாத்தா போட்ட தையல், சுலபமாக வரவில்லை. மூன்று விரல் அகலம் கூட்டித் தைத்திருக்கிறேன். தையல் கோணல். குற்றம் சொல்லாதே, உன் விசிலைவிட மேல்தான்.

இப்போது நான் போட்டால் மூக்குவரை இறங்கிவிடுகிறது. ஒன்றும் தெரியவில்லை, நேற்று வேலியில் முட்டிக்கொண்டேன். மானோ இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு இனி உபயோகமில்லாத சாமான், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேக்ஸி டாக்ஸியில் வந்து எடுத்துக்கொண்டு போ. ஏறும்போது வண்டி நம்பரை மானோவின் போனுக்கும் அனுப்பு. அவன் வேலி வழியாகக் கத்துவான், நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளையையும் கொண்டுவா. எங்கள் பக்கம்தான்.

மாமா