கோட்டைக்கு வந்த ஒன்பதாவது ஆள்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர, அதை அவர் வீட்டில் நாலாவது ஆளாகவே வைத்துப் பேசுகிறார். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். முதுகு வலிக்கிறது என்று சொன்னாயே, அந்த மடக்கு நாற்காலியை முதலில் தூக்கிப் போடு, எட்டு மணி நேரம் உட்காருகிறவனுக்கு அது நாற்காலி இல்லை, தண்டனை. இங்கே குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு இரண்டு முறையும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் போடுகிறார். அதோடு எனக்கே மண்டை குழம்பிக் கிடக்கிறது. வகுப்பில் ஒரு கணக்குப் பிடிபடாவிட்டால், தெரிந்ததையெல்லாம் முதலில் வரிசையாக எழுதுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். அதைத்தான் இப்போது நானே செய்கிறேன்.

சின்னவளுக்கு ஓர் இடம் வந்திருப்பதைச் சொல்லியிருந்தேன் அல்லவா. பையன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பொறியாளன், அவன் அப்பா அச்சகம் வைத்திருக்கிறார். பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து எல்லோரும் முறைத்துப் பார்ப்பது தனக்குப் பிடிக்காது, இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்காவது ஒரு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று பையனின் அம்மாதான் சொன்னார். மலைக்கோட்டைக்குப் போவதாக முடிவாயிற்று. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, ஆனால் ஒரு பயமும் இருந்தது. ஏழு வயதில் வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வலது காது கேட்பதில்லை என்பதை அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை. முன்பு வந்த இரண்டு இடத்திலும் சொன்னோம், இரண்டு பேரும் யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள்தான், இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னவள் இந்த முறையும், "முதல்லயே சொல்லிடலாம்மா, அப்புறம் சொன்னா நாமதான் ஏமாத்தின மாதிரி ஆகும்" என்றாள். நான்தான் கேட்கவில்லை. பிள்ளைகள் கேள்வியின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு விடை எழுத ஆரம்பித்துவிடுவார்கள், அதுபோல இவர்கள் காதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடக்கூடாது, முதலில் பெண்ணை முழுதாகப் பார்க்கட்டும், மற்றது பிறகு என்று பெரிய நியாயம் பேசினேன். உன் மாமா ஒரு படி மேலே போய், அன்று முழுக்கத் தான் அவளுடைய வலது பக்கமாகவே நடந்து வருவதாகவும், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரையும் பேசவிடமாட்டேன் என்றும் பொறுப்பெடுத்துக்கொண்டான். சின்னவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாமா, நீ என்ன என் பாடிகார்டா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அன்றைக்கு மட்டும் எனக்குத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் நான்கு பேர், நான், அப்பா, சின்னவள், மாமா. அவர்கள் பக்கமும் நான்கு பேர், பையன், அப்பா, அம்மா, அக்கா. கோட்டை வாசலில் இறங்கினோம், கும்பிட்டுக்கொண்டோம், வெயில் பற்றியும் சாலை பற்றியும் பேசினோம். அகழியின் மேல் இருக்கும் மரப்பாலத்தில் எல்லோரும் போகும்போது பழக்கதோஷத்தில் தலையை எண்ணினேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனவளுக்கு அது கண்ணிமைப்பது மாதிரி. ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். சுற்றுலாவில் ஒரு தலை குறைந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், ஒரு தலை கூடினால் என்ன செய்வது என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்லித் தந்ததில்லை. பார்த்தால், சாம்பல் நிற ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, எழுபது வயது இருக்கும், ஓர் அம்மாள் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பி எங்களைப் பார்த்து, "என்ன ஊர்வலமா போறீங்க? வெயில் ஏறதுக்குள்ள மேல போயிடணும், வாங்க வாங்க" என்று விரட்டினார், எட்டுப் பேரும் ஓடினோம். படிக்கட்டில் அவர் பையனின் அம்மா கையை உரிமையோடு பிடித்துக்கொண்டு ஏறினார், அதனால் அவர்கள் வீட்டுப் பெரியவர் என்று நான் முடிவு செய்தேன். நடுவழியில் உன் மாமா மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, "ஏம்ப்பா, இந்த வயசுல இந்தத் தொந்தி உனக்கு எதுக்கு? எந்திரி" என்று அதட்டினார், அதனால் அவர் எங்கள் வீட்டுப் பெரியவர் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நீயே சொல், சம்பந்தம் பேச வந்த இடத்தில் எதிர்த் தரப்புப் பெரியம்மாவிடம் போய், நீங்கள் யார் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் மரியாதைக் குறைவு, கேட்காவிட்டால் குழப்பம். மரியாதையே பெரிது என்று இரண்டு வீட்டாரும் போட்டி போட்டுக்கொண்டு அவரைக் கவனித்தோம். அப்பா தண்ணீர் பாட்டிலை முதலில் அவரிடம்தான் நீட்டினார். பையனின் அக்கா தன் தொப்பியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டாள். அவரும் மறுக்கவில்லை, பையிலிருந்து பிஸ்கட் எடுத்து எல்லோருக்கும் இரண்டிரண்டாகப் பங்கு வைத்தார்.

ஆயுத அறை, குதிரை லாயம் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் வட்ட மண்டபம் என்று ஓர் இடத்துக்குப் போனோம். பெரிய வட்டமான கல் சுவர், இந்த முனையில் சுவரோடு ஒட்டி மெதுவாகப் பேசினால், அறுபதடி தள்ளி எதிர் முனையில் சுவரில் காது வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்குமாம். கைடு உற்சாகமான ஆள். பையனையும் சின்னவளையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது போல, "சார் அங்க போங்க, மேடம் இங்க நில்லுங்க, என்ன வேணும்னாலும் சொல்லுங்க, எங்க காதுல விழாது" என்று கண்ணைச் சிமிட்டினார். சுவர் அவளுடைய வலது பக்கம். உன் மாமா வழக்கம்போல அங்கே கம்பமாக நின்றான், கைடு அவனை, "நீங்க தள்ளுங்க சார், சுவருக்கும் அவங்களுக்கும் நடுவுல நீங்க எதுக்கு?" என்று இழுத்து ஓரமாக விட்டார். சின்னவள் வலது காதைச் சுவரில் வைத்தாள். எதிரே பையன் சுவரில் வாய் வைத்து ஏதோ சொன்னான். எல்லோரும் இவள் முகத்தையே பார்க்கிறோம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடு அம்மா என்கிற பார்வை அது. நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்துக்கொண்டே, "கேட்டுடுச்சு, வெக்கப்படறா" என்றேன். உன் அம்மாதான், பொய்க் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்தவள்தான், அப்படிச் சொன்னேன். அந்த அம்மாள் சின்னவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "கேட்டிருக்காதும்மா, அவளுக்கு அந்தக் காது கேக்காது, காலைலேர்ந்து பாக்கறேனே. மறு காதை வைக்கச் சொல்லுங்க" என்று சாதாரணமாக, சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அந்தச் சுவர் அதைச் சுற்றிக்கொண்டு போய் எதிர் முனையில் பையன் காதில் தெளிவாகப் போட்டுவிட்டது. அப்பா கூரையைப் பார்த்தார். சின்னவள் மட்டும் நிதானமாகத் திரும்பி நின்று இடது காதை வைத்தாள். பையன் மறுபடியும் சொன்னான். அவள் மண்டபமே அதிரும்படி சிரித்தாள். என்ன சொன்னான் என்று நாங்கள் கேட்டதற்கு, கால் வலிக்கிறது, எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று கேட்டானாம்.

சாப்பிட்டோம், பேசினோம். அவர்கள் வீட்டுப் பெரியவருக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது, எங்களைச் சோதிக்கத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள், நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் அவர்கள் வண்டி ஏறும்போது பையனின் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க வீட்டுப் பெரியம்மா பட்டுனு சொல்லிட்டாங்க. பெத்தவங்க வாயால சொல்றது கஷ்டம்னுதான் அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு புரிஞ்சுக்கிட்டோம். இதுக்கு முன்னாடி பார்த்த இடத்துல எங்ககிட்ட நிறைய மறைச்சாங்கம்மா, அதனால இது எங்களுக்கு ரொம்பப் பெரிசு" என்றார். எங்கள் வீட்டுப் பெரியம்மாவா? நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திரும்பினால் அந்த அம்மாள் எங்கள் நடுவில் நின்றுகொண்டு, "நம்ம மஞ்சள் பஸ் எங்க நிக்குது?" என்று கேட்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாற்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவராம், ஓய்வூதியர் சங்கத்தோடு சுற்றுலா வந்தவராம், நாங்களும் அந்தச் சங்கத்து ஆட்கள், குடும்பத்தோடு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எங்களோடு சுற்றியிருக்கிறார். "எக்ஸ்சேஞ்ச்ல யாருக்கு எந்தக் காது மந்தம்னு தலை திரும்பற விதத்துலயே சொல்லிடுவேன்" என்றார். நிறுத்தத்தில் அந்தச் சுற்றுலாவை நடத்துகிற ஒரு பெண் விசிலோடு ஓடிவந்து, "எங்க போனீங்க, மூணு தடவை கோட்டையைச் சுத்திட்டேன்" என்று அவரைத் திட்டி ஏற்றிக்கொண்டு போனாள். பேர்கூடக் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "இருபத்திரண்டு வருஷமா இந்தக் காதோட இருக்கேன்மா. இன்னிக்கு நீ 'கேட்டுடுச்சு'ன்னு சொன்ன பாரு, அப்பத்தான் முதல் தடவையா எனக்குக் கூச்சமா இருந்தது" என்றாள்.

நேற்று பையனின் அம்மா போன் செய்தார். அவர்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம், அடுத்த ஞாயிறு நாங்கள் அவர்கள் வீட்டுக்கு வரவேண்டுமாம், பெரியம்மாவை மறக்காமல் கூட்டி வரவேண்டுமாம், அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சே தொடங்குமாம். நான் சரி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வெளியூர் போய்விட்டார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, நடந்தது நல்லதற்குத்தானே, அதை ஏன் கிளறுகிறாய் என்கிறார் உன் அப்பா. உன் மாமா, ஓய்வூதியர் சங்கத்தில் விசாரித்து அந்த அம்மாளையே தேடிப் பிடித்துக் கூட்டிப் போய்விடலாம், அவரும் சந்தோஷமாக வருவார் என்கிறான், சொல்லும்போதே சங்கத்துக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். சின்னவள், "எனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கும்மா. அதனாலதான் சொல்றேன், இதை இப்படியே விடாதே" என்றாள். ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் விடை சரிதான், மதிப்பெண்ணும் சரிதான், ஆனால் யாருடைய மதிப்பெண் அது? சொன்னால் அவள் ஆசைப்பட்ட இடம் கை நழுவும், சொல்லாவிட்டால் வேறொருவருடைய நேர்மையை நான் வாழ்நாள் முழுக்க உடுத்திக்கொண்டு திரியவேண்டும்.

இதுவரை காலையில் எழுதினேன். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டுப் போய்ப் போனை எடுத்தேன், அப்பா குளித்துக்கொண்டிருந்தார், அதுவும் வசதியாயிற்று. பையனின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் எங்களுக்கு யாரும் இல்லை, நாங்கள் மறைக்கத்தான் நினைத்தோம், நான் உங்கள் முன்னாலேயே பொய் சொன்னேன் என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அவங்களுக்கு என் கையை ஏன் பிடிச்சுக்கத் தோணுச்சு?" என்றார், பாவம், அவருக்கு முதலில் அதுதான் குழப்பம். அப்புறம், எப்போது சொல்வதாக இருந்தீர்கள் என்று கேட்டார். எல்லாம் பேசி முடிந்த பிறகு என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. "நீங்க டீச்சர்னு சொன்னாங்களே" என்றார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். சின்னவள் தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மத்தியானம் வந்தாள். சொல்லிவிட்டேன், இந்த இடம் போனாலும் போய்விடும், என்னால்தான் என்றேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவே இல்லை. "என் காதைப் பத்தி எப்படிச் சொன்னே? குறைன்னு சொன்னியா?" என்றாள். இல்லை, ஒரு காது கேட்காது என்று மட்டும்தான் சொன்னேன், குறை என்று சொன்னது என்னைப் பற்றித்தான் என்றேன். பிறகு, "எனக்கும் சேத்துத் தட்டு வை, பசிக்குது" என்று கை கழுவப் போனாள். கோட்டையிலிருந்து வந்த நாளாக அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது இன்றைக்குத்தான்.

அவர்களிடமிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. வருமா, வராதா, செய்தது சரியா, ஒரு நாள் பொறுத்திருக்கலாமா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீ எல்லா வளமும் பெற்று, மனம் நொந்து போகாமல், நல்ல துணையோடும் நல்ல தூக்கத்தோடும் நீண்டநாள் இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன், அப்பாவும் சேர்ந்துதான், இந்தக் கடிதத்தை அவர் இன்னும் படிக்கவில்லை என்றாலும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது உன் மாமாவுக்கு இன்னும் தெரியாது, அவன் உனக்குப் போன் செய்து, பையன் வீட்டார் விசாரித்தால் அந்த அம்மாள் தூரத்து உறவில் உனக்குப் பெரியம்மா முறை என்று சொல்லச் சொல்வான். சொல்லிவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா