மூன்றாவது பை

பெய்ரா, மொசாம்பிக்
14.01.2013

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நான் போன் எடுத்தால் வெட்டுகிறீர்கள், அதனால் பேனா எடுத்தேன். சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்களே, அதன் பலனை இப்போது நீங்களே வாசியுங்கள்.

என் வேலை என்னவென்று நீங்கள் சொல்லவே விடவில்லை. நான் கரி அள்ளவில்லை, அம்மா. சுரங்கத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து, நிலக்கரி இங்கே கப்பலேறுகிறது. ஏறும்போதே மாதிரி எடுத்து, மாவாக அரைத்து, எரித்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்று அளந்து கையெழுத்து வைப்பது நான். சாம்பல் கூடினால் விலை விழும். அரைத்ததை மூன்று பைகளில் போட்டு சீல் வைப்போம். ஒன்று விற்பவருக்கு, ஒன்று வாங்குபவருக்கு. மூன்றாவது சூரிச்சில் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கும். பிணக்கு வந்தால் மட்டும் அதைப் பிரிப்பார்கள்.

உங்களுக்கு இந்த ஊர் முந்திரிப்பருப்பு இரண்டு கிலோ இன்று அனுப்புகிறேன். கோபத்தோடாவது சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
பிரபாலினி


ஷாஃப்ஹவுசன்
02.02.2013

பிரபாலினிக்கு,

பதினெட்டு வருடம் முதியோர் இல்லத்துக் குசினியில் சட்டி தேய்த்தேன். எதற்கு? பாசலில் மருந்துக் கம்பனியில் நீ வெள்ளைக் கோட்டோடு நிற்பதைப் பார்க்க. ஐந்தே மாதம் நின்றாய்.

போன வெள்ளி கோயிலில் ராஜேஸ்வரி அக்கா எல்லாருக்கும் கேட்கக் கேட்டா: "என்ன சிவகலா, உன்ர பெட்டை ஆபிரிக்காவில கரி விக்கிறாளாம், உண்மையோ?" எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பார்சல் வந்தது. எனக்குப் போன் எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


பெய்ரா
11.03.2013

அம்மா,

ஐந்து நாளாகப் போன் அடிக்கிறேன். நீங்கள் தூக்கவே இல்லை. இதை எக்ஸ்பிரஸில் அனுப்புகிறேன், உடனே வாசியுங்கள்.

சனவரிக் கப்பலின் கரியை சூக் நகரத்துக் கம்பனி ஒன்று வாங்கியது. இறக்கிய துறைமுகத்தில் அளந்தால் சாம்பல் பதினேழு வீதமாம். என் தாளில் பதினொன்று. நான் பொய் எழுதினேன் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பையைப் பிரியுங்கள் என்று தைரியமாகச் சொன்னேன். சூரிச்சில் பெட்டியைத் திறந்தால் உள்ளே முந்திரிப்பருப்பு!

பிழை என்னுடையதுதான். இரண்டு பெட்டியும் ஒரே மேசையில் ஒரே அளவில் இருந்தன. முகவரியை மாற்றி ஒட்டிவிட்டேன். உங்களிடம் இருப்பதுதான் அந்தப் பை. ஊரில் உமிக்கரியில் பல் விளக்கிய கதை சொல்வீர்களே, அந்த நினைப்பில் இதையும் பற்பொடியாக எடுத்துவிடாதீர்கள். பையின் சீல் உடைந்திருந்தால் அது வெறும் கரிப்பொடி. பிறகு இந்தத் தொழிலில் என் கையெழுத்தை யாரும் நம்பமாட்டார்கள். சீல் இலக்கம் 40718. இருபதாம் திகதிக்குள் அது சூரிச் போகவேண்டும். முகவரி பின்பக்கத்தில்.

பிரபாலினி


ஷாஃப்ஹவுசன்
16.03.2013

என் பிள்ளைக்கு,

நான் அதைப் பிரிக்கவே இல்லை! நீ இந்த வாசல்படி மிதிக்கும்வரை நீ அனுப்பிய எதிலும் கை வைப்பதில்லை என்று, வந்த அன்றே அலுமாரிக்கு மேலே போட்டு, அதன்மேல் பழைய சூட்கேசையும் ஏற்றிவிட்டேன். கோபம் என்றால் சும்மா கோபமோ?

நேற்றே லீவு போட்டுவிட்டு, மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் போனேன். ஆய்வுகூடத்துப் பெடியன் ஒற்றைக் கையால் வாங்கப் பார்த்தான். விடவில்லை. பெட்டியை என் முன்னால் திறக்கச் சொல்லி, சீல் இலக்கத்தை உரத்து வாசிக்க வைத்து, உன் கடிதத்தோடு சரிபார்த்தேன். "ரசீதில ஸ்டெம்பல் குத்தித் தந்தாத்தான் நான் எழும்புவன்" என்று என் டொய்ச் பாஷையில் சொன்னேன். குத்தித் தந்தான்.

உன் முந்திரிப்பருப்பையும் தந்துவிட்டார்கள். அதையும் அலுமாரிக்கு மேலே போட்டாயிற்று. கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மா


பெய்ரா
02.04.2013

என் அன்பான அம்மா,

வென்றுவிட்டோம்! பையில் சாம்பல் பதினொன்று தசம் இரண்டு. என் தாளில் பதினொன்று தசம் மூன்று. இறக்கிய இடத்தில் பக்கத்துக் குவியலிலிருந்து மாதிரி அள்ளியிருக்கிறார்கள். சூக் கம்பனி மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறது. அதை இங்கே உரத்து வாசித்தபோது எல்லாரும் மேசையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இங்குள்ள ஆய்வுகூடப் பொறுப்பையே என்னிடம் தந்துவிட்டார்கள்.

உங்கள் பிடிவாதம் என்னைக் காப்பாற்றியது. எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. ஆனால் அம்மா, இன்னும் ஒரு வருடம் இங்கேதான் இருப்பேன். ஏசுங்கள்.

பிரபாலினி


ஷாஃப்ஹவுசன்
10.04.2013

என் செல்லத்துக்கு,

கோயிலில் ராஜேஸ்வரி அக்காவை நானே தேடிப் போனேன். "ஓம் அக்கா, கரிதான். என்ர பிள்ளை கையெழுத்து வைக்காமல் அங்க ஒரு கப்பல் வெளிக்கிடாது" என்றேன். அவ அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த சன்னதிக்குப் போய்விட்டா.

நீ வர ஒரு வருடம் என்கிறாய். அதுவரை பருப்பு கிடந்தால் பழுதாகிவிடும். பிரித்துவிட்டேன். நல்ல ருசி.

ஞாயிற்றுக்கிழமை போன் எடு, வெட்டமாட்டேன்.

அம்மா