லாரிக் கதவில் நம் பெயர்

அன்பு நிறையவும் பொறுமை குறைவாகவும் உள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு இருமல் நின்றுவிட்டது. உங்கள் தங்கை வெல்டிங் கண்ணாடியை மறுபடியும் உடைத்துவிட்டாள். கேட்டால், அதுவாகவே விழுந்ததாம். இவ்வளவையும் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் கடைசிவரை நான்தான் பேசுவேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இரும்புத் தடுப்பு போடும் வேலை நமக்குக் கிடைத்ததும், நீங்கள் அங்கே வெளிநாட்டில் அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தீர்களே, அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாலைப் பணியை எடுத்த பெரிய கம்பெனி, அதில் ஒரு பங்கை நம்மைப் போல முன்னுக்கு வர வழி கிடைக்காத சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அது அரசாங்க விதி. பேருக்குக் கொடுத்தால் போதாது, நம் ஆட்களை வைத்து நாமே செய்யவேண்டும். அதனால்தான் நானும் உங்கள் தங்கையும் ஆள் சேர்த்து, கம்பத்தைத் தரையில் அடித்து இறக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்து, தயாராக உட்கார்ந்திருந்தோம். இயந்திரத்தை ஓட்டத்தான் இன்னும் ஆள் போடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய கம்பெனி மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பாத்துக்கலாம்’. எப்போது தொடங்கலாம் என்று கேட்டால் பாத்துக்கலாம். இடத்தையாவது காட்டுங்கள் என்றால் அதற்கும் பாத்துக்கலாம். நாங்களும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பக்கம் போன உங்கள் தங்கை அங்கிருந்தே எனக்குப் போன் போட்டு, “அண்ணி, நாம எப்ப லாரி வாங்கினோம்? சொல்லவே இல்ல” என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். லாரி அவர்களுடையது. கதவில் நம் நிறுவனப் பெயரை எழுதிய காந்தத் தகடு ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே அவர்கள் பெயரின் எழுத்துக் கால்கள் எட்டிப் பார்த்தன. குழி தோண்டுகிறவர்கள் போட்டிருந்த சட்டையிலும் நம் பெயர்தான். நட்ட கம்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன, அதுவும் நம் கணக்கில்தானே சேரும். ஒரு பெரியவரிடம் தண்ணீர் கேட்பதுபோலப் பேச்சுக் கொடுத்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அரசாங்கம் நிர்ணயித்த கூலியில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகமாகக் கிடைக்கிறதாம்.

அதற்குள் பாத்துக்கலாம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “நீங்க எதுக்கும்மா வெயில்ல அலையறீங்க? வீட்லயே இருங்க. கையெழுத்து மட்டும் போடுங்க, உங்க பங்கு தேடி வரும்” என்றார். அன்று போனில் நீங்களும், “சும்மா வர்றத ஏன் வேணாங்கற?” என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். சும்மா ஒன்றும் வரவில்லை. அந்தப் பெரியவர் வயிற்றில் அடித்தது வருகிறது, அதுவும் நம் பெயரில். மாட்டினால் திருடர் பட்டம் நமக்குத்தான்.

நான் புகார் கொடுப்பதற்கு முன்னால் அவர்களே மாட்டிக்கொண்டார்கள். அரசாங்கத்திலிருந்து வந்து கேட்டால், ‘எங்க முதலாளி ஒரு அம்மா’ என்று சொல்லுங்கள் என ஆட்களுக்குப் பாடம் சொல்லி வைத்திருக்கிறார் பாத்துக்கலாம். வந்த தொழிலாளர் அதிகாரியே ஒரு அம்மா. பையும் தூசி படிந்த ஷூவுமாக இறங்கி, அதே பெரியவரிடம் உங்கள் முதலாளி யார் என்று கேட்டிருக்கிறார். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, “நீங்கதாம்மா. வணக்கம்மா. கூலியக் கொஞ்சம் ஏத்திக் குடுங்கம்மா” என்றாராம். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இதை என்னிடம் சொன்னார்.

உடனே என்னை வரச் சொன்னார். போகும் வழியெல்லாம் பயம்தான். உண்மையைச் சொன்னால் வேலை போகலாம், சிறு நிறுவனப் பட்டியலிலிருந்தே நம்மை எடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தகட்டைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. “லாரி என்னோடது இல்ல, ஆளுங்களும் இல்ல, பேரு மட்டும்தான் என்னோடது. எனக்குப் பங்கு வேணாம், வேலையக் குடுங்க” என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் தகட்டைப் பிய்த்து எடுத்தேன். மேனேஜரை முந்திக்கொண்டு அதிகாரி சொன்னார், “இனிமே நாங்க பாத்துக்கறோம்” என்று.

குறைத்த கூலியைப் பெரிய கம்பெனியே அந்த ஆட்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பாலத்திலிருந்து வளைவு வரைக்கும் மீதி வேலை நம் கைக்கு வந்துவிட்டது. சாய்ந்த கம்பங்களைப் பிடுங்கி நடுவதும் அவர்கள் செலவு. மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்கே வந்து, “நெஜமாவே நீங்கதானாம்மா?” என்றார். இந்தத் தடவை நானேதான் என்றேன். அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். தகடு இப்போது நம் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது, மகளின் வேலை. பிரிட்ஜும் நம் கம்பெனி வண்டியாகிவிட்டது.

ஒன்றே ஒன்று பாக்கி. அடுத்த மாதம் வேலை தொடங்கும் அன்று அந்த அதிகாரி அம்மா நேரில் வந்து ஒவ்வொருவரையும் விசாரிப்பார். கம்பம் இறக்கும் இயந்திரத்துக்கு ஆள் இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். “இருக்கார், வெளிய போயிருக்கார், வந்துருவார்” என்றேன். கண்ணை இமைக்காமல் சொல்லிவிட்டேன்.

உங்கள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னொரு தடவை நீட்டிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னீர்கள். போடாதீர்கள். அங்கே யாருக்கோ ஓட்டுகிற அதே இயந்திரம்தான் இங்கேயும். எல்லோருக்கும் தருகிற முழுக் கூலி உங்களுக்கும் உண்டு, வீட்டுக்காரர் என்பதற்காக ஒரு காசு கூடாது, குறையாது. உங்களிடமும் அந்த அம்மா முதலாளி யார் என்று கேட்பார். கூச்சப்படாமல் என்னைக் காட்டுங்கள்.

அன்று அவரிடம் நான் சொன்னதில் ‘வந்துருவார்’ என்பது ஒன்றுதான் இன்னும் உண்மையாகவில்லை. வந்து உண்மையாக்கிவிடுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி
(வேலை இடத்தில் மட்டும் முதலாளி)