கிளியோஃபாஸுக்கு ஒரு ரொட்டி

எடுவிகெஸ்,

கொல்லைக் குழியில் மாட்டுத்தலை மண்ணுக்கடியில் வேகிறது. வாசத்துக்குச் சொனோரா மாநிலத்து நரிகளெல்லாம் வேலியோரம் தட்டேந்தி நிற்கின்றன! நான் வரும்வரை குழியைத் திறக்காதே. ஆவி போனால் கறி வேகாது.

உன் தம்பி கிளியோஃபாஸை அழைத்துவர பஸ் நிலையம் போகிறேன். "அப்பாவோட மாட்டையெல்லாம் வித்தவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று நேற்றும் கத்தினாய். முழிக்காதே. ஆனால் அவன் விஷயத்தில் வைத்தியர் கைவிரித்துவிட்டார். போனில் அவன் கேட்டது ஒன்றுதான்: "மச்சான், அக்கா கையால ஒரு ரொட்டி கிடைக்குமா?"

மாவு பிசைந்து வைத்திருக்கிறேன். ரொட்டியின் ஊடே பார்த்தால் எல்லைக்கு அப்பால் அரிசோனாவே தெரியும்படி மெலிதாக, முழங்கையில் வீசி விரிப்பவள் நீ ஒருத்திதான்.

லிப்ராடோ

பி.கு.: கோபத்தில் வீசினால் ரொட்டி கிழியும் என்பாய். கிழியட்டும். அவனால் இப்போது மெல்ல முடியாது. கறிச் சாற்றில் பிய்த்துப்போட்டுத்தான் ஊட்ட வேண்டும்.